வெள்ளை மாவெல்லாம் நல்ல மாவா?

மளிகைக் கடைக்குப் போகிறோம். ஜவ்வரிசி கேட்கிறோம்.

கடைக்காரர் இரண்டு டப்பாக்களைத் திறந்து காட்டுகிறார். ஒன்றில் இருக்கும் ஜவ்வரிசி பால் போல வெள்ளை. மற்றொன்றில் இருப்பது கொஞ்சம் மங்கல்.

நம் கை எந்தப் பக்கம் போகும்?

வெள்ளையின் பக்கம்தான்!

"வெளுத்ததெல்லாம் பால்" என்று நம்பும் மனசு நமக்கு. அந்த நம்பிக்கையால் நஷ்டப்படுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர், அதை வாங்கிச் சாப்பிடும் நாம். இன்னொருவர், பெரம்பலூர்ப் பக்கத்தில் வெயிலில் நின்று கிழங்கு பிடுங்கும் குடியானவர்.

அது எப்படி?

மரவள்ளிக் கிழங்கின் கதையைக் கேட்டால் விளங்கும்.

மலையடிவாரத்துக் கிழங்கு

பெரம்பலூரும் அரியலூரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. முன்பு இரண்டும் திருச்சி மாவட்டத்தில் இருந்தன. 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆயிற்று. 2007-ல் அரியலூரும் தனியாகப் பிரிந்து நின்றது.

அரியலூர் சிமெண்டுக்குப் பேர் போனது. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் போனால் முந்திரிக் காடுகள். பெரம்பலூரின் கரிசல் மண்ணில் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகின்றன.

பெரம்பலூருக்கு மேற்கே போனால் பச்சைமலை. அந்த மலையிலும், அடிவாரத்துச் செம்மண் நிலங்களிலும் மரவள்ளி நிற்கிறது. கையை விரித்தது போன்ற இலை. குச்சி போன்ற தண்டு. அதனால் குச்சிக் கிழங்கு என்றும் பெயர்.

வேப்பந்தட்டை, கிருஷ்ணாபுரம் வழியாக ஆத்தூருக்கு ஒரு சாலை போகிறது. கிழங்கு பிடுங்கும் காலத்தில் அந்தச் சாலையில் கிழங்கு லாரிகளைப் பார்க்கலாம். மில்களில் பெரும்பாலானவை ஆத்தூர், சேலம், நாமக்கல் பக்கம் இருக்கின்றன.

யுத்தம் தந்த தொழில்

மரவள்ளி நம் நாட்டுப் பயிர் அல்ல. தென் அமெரிக்காவில் பிறந்தது. போர்த்துக்கீசியர் கப்பலில் இந்தியாவுக்கு வந்தது. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, பஞ்சம் தாங்கும் பயிர் என்று இதைப் பரப்பினார்.

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. மாவும் ஜவ்வரிசியும் வெளிநாட்டிலிருந்து வருவது நின்றது.

கேரளத்துக்குப் போய் வந்து கொண்டிருந்த சேலம் வியாபாரி மாணிக்கம் செட்டியார், மரவள்ளி மாவைப் பார்த்தார். "இதை நாமே செய்தால் என்ன?" என்று எண்ணினார். பினாங்கில் இருந்து வந்த போபட்லால் ஷா என்பவருக்குத் தொழில் தெரிந்திருந்தது. 1943-ல் இருவரும் சேலத்தில் மாவு எடுக்கத் தொடங்கினார்கள்.

மலேயா நாட்டில் ஜவ்வரிசி செய்வது ஒரு வகைப் பனை மரத்தின் சோற்றிலிருந்து. சேலத்தில் செய்தது கிழங்கிலிருந்து. பெயர் ஒன்று, பண்டம் வேறு!

இன்று சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி மகாராஷ்டிரம், குஜராத், மேற்கு வங்காளம் என்று பல மாநிலங்களுக்குப் போகிறது. ஏகாதசியிலும் நவராத்திரியிலும் வடநாட்டார் சாப்பிடும் கிச்சடி அதில்தான். ஆலைக்காரர்கள் சேர்ந்து விற்பதற்காக 1981-ல் 'சேகோசர்வ்' என்ற கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இவ்வளவு பெரிய தொழிலுக்குக் கிழங்கு கொடுப்பவர்களில் பெரம்பலூர்க் குடியானவரும் ஒருவர். அவருக்கு விலை போடுவது எப்படி?

பாயிண்ட் என்றால் என்ன?

100 கிலோ பச்சைக் கிழங்கை எடுத்துக் கொள்ளுங்கள். அதில் 60 கிலோவுக்கு மேல் வெறும் தண்ணீர்தான்! மாவுச் சத்து ஏறக்குறைய 25 முதல் 30 கிலோ வரை இருக்கும். மீதி நார், தோல், சில்லறைச் சத்துக்கள்.

மில்காரருக்கு வேண்டியது மாவு. ஆகவே கிழங்கின் எடைக்கு மட்டும் அவர் பணம் கொடுப்பதில்லை. மாவு எவ்வளவு என்றும் பார்க்கிறார். அந்த அளவுக்குப் பெயர்தான் 'பாயிண்ட்'.

அதைக் கண்டுபிடிப்பது எப்படி?

லாரியில் இருந்து கொஞ்சம் கிழங்கை எடுத்து முதலில் சாதாரணமாக எடை போடுவார்கள். பிறகு அதையே தண்ணீருக்குள் அமிழ்த்தி எடை போடுவார்கள். மாவு தண்ணீரை விடக் கனமானது. மாவு அதிகம் உள்ள கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனமாக நிற்கும். மாவு குறைந்த கிழங்கு லேசாகி விடும். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு பாயிண்ட் போடுகிறார்கள்.

நல்ல முறைதான். ஆனால் எடை போடும் யந்திரமும் மில்லுடையது, எடை போடும் ஆளும் மில்லுடையவர். "பாயிண்டைக் குறைத்துப் போடுகிறார்கள்" என்பது மரவள்ளி பயிரிடுவோர் பல ஆண்டுகளாகச் சொல்லி வரும் குறை. "கிழங்கு அப்படி வருகிறது, நாங்கள் என்ன செய்வது?" என்பது மில்காரர்கள் சொல்லும் பதில்.

யார் சொல்வது சரி? இரண்டு பக்கமும் விஷயம் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அண்ணனும் தம்பியும்

கிருஷ்ணாபுரம் பக்கத்தில் ஒரு அண்ணனும் தம்பியும் இருப்பதாக வைத்துக் கொள்வோம். ஆளுக்கு 10 டன் கிழங்கு.

அண்ணன் கிழங்குக்கு 28 பாயிண்ட். தம்பி கிழங்குக்கு 24 பாயிண்ட்.

டன்னுக்கு, பாயிண்ட் ஒன்றுக்கு, 300 ரூபாய் என்று விலை வைத்துக் கொள்வோம். அண்ணனுக்கு டன்னுக்கு 8,400 ரூபாய். தம்பிக்கு 7,200 ரூபாய். 10 டன்னுக்குத் தம்பிக்கு நஷ்டம் 12,000 ரூபாய்!

"அண்ணே, உன் காடும் என் காடும் ஒரே வரப்புதானே? உனக்கு மட்டும் எப்படிக் கூடுதல் விலை?" என்று தம்பி கேட்கிறான்.

"நீ எந்தக் குச்சி நட்டாய்? எப்போது பிடுங்கினாய்? லாரி எப்போது வந்தது? அதைச் சொல் தம்பி" என்கிறார் அண்ணன்.

அந்த மூன்று கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது.

முதல் கேள்வி: எந்தக் குச்சி?

மரவள்ளிக்கு விதை போடுவதில்லை. தண்டை வெட்டி நடுகிறோம். தாய் எப்படியோ, பிள்ளை அப்படி.

திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 1963-ல் ஏற்பட்டது. அங்கிருந்து 1971-ல் வந்த ஒட்டு ரகங்களில் இரண்டைப் பார்ப்போம். ஒன்று எச்-165. மற்றொன்று எச்-226.

எச்-226 ஏறக்குறைய 10 மாதப் பயிர். மாவு 100-க்கு 28 அல்லது அதற்கும் சற்று மேல் இருக்கும். எச்-165 இன்னும் சீக்கிரம், 8 அல்லது 9 மாதத்தில் வந்து விடும். விளைச்சலிலும் குறைவில்லை. ஆனால் மாவு 100-க்கு 25-ஐத் தாண்டுவது அபூர்வம்.

சீக்கிரம் வந்தால் தண்ணீர் மிச்சம், நிலமும் காலியாகும். தாமதமாக வந்தால் பாயிண்ட் கூடும். கிணற்றுத் தண்ணீர் எத்தனை மாதத்துக்கு வரும் என்று பார்த்துத்தான் ரகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மில்லுக்கு ஏற்ற ரகம் வேறு, சமையலுக்கு ஏற்ற ரகம் வேறு என்பதையும் மறக்கக் கூடாது. மலேயாவில் இருந்து வந்த எம்-4 என்ற ரகம், வேக வைத்துச் சாப்பிடப் பேர் போனது. வேகும், மணக்கும், கசக்காது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்துக்குச் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமாக ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே கேட்டு, நல்ல குச்சியை வாங்கி நடலாம். தேமல் நோய் கண்ட செடியின் குச்சியை மட்டும் நடவே கூடாது. நோயும் குச்சியோடு சேர்ந்து வரும். கிழங்கு சிறுத்துப் போகும்.

2020-ல் மாவுப் பூச்சி என்ற புதுத் தொல்லை கேரளத்தில் தென்பட்டு, பிறகு தமிழ்நாட்டுக்கும் வந்தது. பெயர்தான் மாவுப் பூச்சி. செய்வதோ மாவைக் குறைக்கும் வேலை! அதை அழிக்க ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் இருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டு வந்து, 2022-ல் வயல்களில் விட்டார்கள். பூச்சிக்குப் பூச்சியே பகை!

இரண்டாம் கேள்வி: எப்போது பிடுங்கினாய்?

இளங்கிழங்கில் மாவு சேர்ந்திருக்காது. முற்றிப் போன கிழங்கில் நார் ஏறி விடும்.

இதைவிட முக்கியமானது மழை. வறண்டு நின்ற செடிக்கு நல்ல மழை கிடைத்தால் என்ன ஆகும்? புதுத் துளிர் விடும். அதற்குச் சாப்பாடு எங்கிருந்து வரும்? கிழங்கில் சேர்த்து வைத்த மாவில் இருந்துதான்! ஆகவே மழைக்குப் பின் உடனே பிடுங்கினால் கிழங்கு பருத்திருக்கும். பாயிண்ட் இருக்காது.

தம்பி மழை பெய்து ஈரம் இருக்கும் போது, பிடுங்குவது சுலபம் என்று பிடுங்கினான். கூலி மிச்சம். பாயிண்ட் போச்சு!

மூன்றாம் கேள்வி: லாரி எப்போது வந்தது?

நெல்லைப் பத்தாயத்தில் போட்டு வைக்கலாம். மரவள்ளியை வைக்க முடியாது.

மண்ணுக்குள் இருக்கும் வரை கிழங்கு உயிரோடு இருக்கிறது. பிடுங்கி இரண்டு மூன்று நாளானால், உள்ளே நீலமும் கறுப்புமாகக் கோடுகள் ஓடும். பிடுங்கும் போது ஒடிந்த கிழங்கு இன்னும் சீக்கிரம் கெடும். அந்தக் கிழங்கில் எடுத்த மாவும் மங்கும். பிடுங்கிய 24 மணி நேரத்துக்குள் அரைத்து விடுவது நல்லது என்பது இந்தத் தொழிலின் பால பாடம்.

சேலத்தில் மில்லுக்குப் பக்கத்தில் உள்ளவருக்கு இது சுலபம். பெரம்பலூர்க் குடியானவர் என்ன செய்வார்? ஆள் கிடைக்க வேண்டும். லாரி கிடைக்க வேண்டும். மில் வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். தூரம்தான் அவருடைய முதல் எதிரி!

மில்லுக்குள் என்ன நடக்கிறது?

கிழங்கின் தோலைச் சீவுகிறார்கள். கழுவுகிறார்கள். யந்திரத்தில் போட்டுத் துருவுகிறார்கள். தண்ணீர் விட்டுச் சலிக்கிறார்கள். பால் போல ஒரு நீர் இறங்குகிறது. சலித்த பின் நிற்கும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். அது மாட்டுத் தீவனமாகிறது.

பால் நீர் தொட்டியில் நிற்கிறது. சில மணி நேரத்தில் மாவு அடியில் உறைகிறது. மேல் தண்ணீரை வடித்து விட்டு மாவை எடுத்துக் காய வைத்தால், அது கிழங்கு மாவு. ஈர மாவைக் குலுக்கி உருட்டி, சூடான தட்டில் வறுத்துக் காய வைத்தால், அது மாவு ஜவ்வரிசி. நீராவியில் வேக வைத்துக் காய வைத்தால், அது நைலான் ஜவ்வரிசி.

தோலைச் சரியாகச் சீவாவிட்டால் மாவு மங்கும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் மாவும் கலங்கும். தொட்டியில் அதிக நேரம் கிடந்தால் புளிக்கும். துருப் பிடித்த இரும்பு பட்டால் கிழங்கில் உள்ள ஒரு பொருள் இரும்போடு சேர்ந்து நீல நிறம் கொடுத்து விடும்.

ஆக, மாவு தானாக வெளுக்க வேண்டுமானால் என்ன வேண்டும்? நல்ல குச்சி, சரியான வயது, அன்றே அரைப்பது, சுத்தமான தண்ணீர். இவ்வளவும் செலவு பிடிக்கும் காரியங்கள்.

குறுக்கு வழி

சிலர் இதற்குக் குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள்.

கெட்டுப் போன கிழங்காக இருந்தால் என்ன? தோலோடு அரைத்தால்தான் என்ன? துணி வெளுப்பது போல மாவையும் வெளுத்து விட்டால் போயிற்று! வெளுக்கும் ரசாயனங்களையும் அமிலங்களையும் கலந்தார்கள். மக்காச்சோள மாவைக் கலந்தவர்களும் உண்டு. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சேலம் பக்கத்து ஆலைகளில் பலமுறை சோதனை போட்டு, சரக்கைப் பறிமுதல் செய்திருக்கிறார்கள்.

எல்லா ஆலைகளும் அப்படி அல்ல. நாணயமாகத் தொழில் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதனால் நஷ்டமே.

இங்கேதான் குடியானவர் அடி வாங்குகிறார். நல்ல கிழங்குக்கும் கெட்ட கிழங்குக்கும் கடைசியில் ஒரே வெள்ளை நிறம் வந்து விட்டால், நல்ல கிழங்குக்கு யார் கூடுதல் விலை கொடுப்பார்கள்? மக்காச்சோளம் கலந்தால் கிழங்குக்கே கிராக்கி குறையும்.

கடையில் நாம் "வெள்ளையா இருக்கிறதைக் கொடுங்க" என்று கேட்கிறோம். அந்தச் சொல் ஆலை வழியாகப் போய்க் கடைசியில் காட்டுக்காரர் தலையில் விழுகிறது.

கிழங்கில் ஒரு விஷம்

இன்னொரு விஷயமும் தெரிந்து கொள்ள வேண்டும். நிறத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

பச்சை மரவள்ளியில் சயனைடு என்ற விஷத்தை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. தோலில் அதிகம், சதையில் குறைவு. கசப்பான ரகத்தில் அதிகம், இனிப்பான ரகத்தில் குறைவு.

பயப்பட வேண்டாம்! கிழங்கை நசுக்கினால் அந்த விஷம் காற்றில் பிரிந்து போகத் தொடங்கும். தண்ணீரில் அலசினால் கரைந்தும் போகும். மில்லில் துருவி, பல முறை தண்ணீர் விட்டுச் சலிப்பதால் அதன் பெரும் பகுதி நீங்கி விடுகிறது.

வீட்டில் கிழங்கைச் சீவிக் காய வைத்து இடித்து மாவாக்குகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும். மெல்லிய வில்லையாகச் சீவி, நல்ல வெயிலில் சட்டென்று காய வைத்தால் மாவு வெள்ளையாக வரும். ஆனால் விஷம் பிரிந்து போக நேரம் கிடைக்காது! தடியாக வெட்டி மெதுவாகக் காய வைத்தால் விஷம் கூடுதலாகப் போகும். ஆனால் பூஞ்சணம் பிடிக்கும்.

வெள்ளைக்கு அவசரம் வேண்டும். விஷம் போக நிதானம் வேண்டும். என்ன செய்வது?

ஆப்பிரிக்கப் பெண்கள் இதற்கு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். உலகத்திலேயே அதிகமாக மரவள்ளி விளையும் நாடு நைஜீரியா. அங்கே கிழங்கை முதலில் துருவி விடுகிறார்கள். சாக்கில் கட்டி, கல்லை ஏற்றி, புளிக்க விட்டு நீரைப் பிழிகிறார்கள். பிறகுதான் வறுக்கிறார்கள். முதலில் துருவு, பிறகு காய வை! இதுதான் ரகசியம்.

அந்த நிதானம் தவறிய இடத்தில் விபரீதம் நடந்தது. மொசாம்பிக் நாட்டின் வடக்கே 1981-ல் வறட்சி. பசி தாங்காமல் கசப்புக் கிழங்கைச் சரியாகப் பதப்படுத்தாமல் மாவாக்கிச் சாப்பிட்டார்கள். பருப்பு, மீன் போன்ற புரத உணவும் கிடையாது. பலருக்குத் திடீரென்று கால்கள் விறைத்து, நடக்க முடியாமல் போயிற்று. பெண்களும் குழந்தைகளுமே அதிகம். 'கோன்சோ' என்று அந்த நோய்க்குப் பெயர். கட்டிப் போட்ட கால் என்று அர்த்தம்.

நாம் சோறு, பருப்பு, மோர் என்று கலந்து சாப்பிடுகிறோம். அந்த ஆபத்து நமக்கு இல்லை. இருந்தாலும் எச்சரிக்கை நல்லது.

வீட்டில் செய்ய வேண்டியவை

கிழங்கின் மேல் தோலையும், அதற்கு அடியில் உள்ள தடித்த உள் தோலையும் சேர்த்து உரித்து விடுங்கள். நிறையத் தண்ணீர் விட்டு, பாத்திரத்தை மூடாமல் வேக வையுங்கள். வெந்த தண்ணீரைக் கொட்டி விடுங்கள். பச்சையாகத் தின்னக் குழந்தைகளை விடாதீர்கள். கசந்தால் தூக்கி எறியுங்கள்.

வீட்டில் இடித்த மாவுக்கு ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஹோவர்ட் பிராட்பரி ஒரு சுலபமான வழி சொன்னார். மாவில் தண்ணீர் தெளித்து நன்றாகப் பிசறி, தட்டில் மெல்லிசாகப் பரப்பி வைக்க வேண்டும். வெயிலில் 2 மணி நேரம், அல்லது நிழலில் 5 மணி நேரம். பிறகு அன்றே சமைத்து விட வேண்டும். செலவு ஒரு காசு இல்லை!

நோயாளிக்கும் குழந்தைக்கும் ஜவ்வரிசிக் கஞ்சி கொடுப்பது வழக்கம். சீக்கிரம் செரிக்கும், உண்மை. ஆனால் அதில் புரதம் இல்லை என்றே சொல்லலாம். பாலோ பருப்போ சேர்த்துக் கொடுங்கள். வெறும் கஞ்சியில் பிள்ளை வளராது.

இனி என்ன செய்யலாம்?

பெரம்பலூர்ப் பக்கத்தில், மில்லுக்குச் சொந்தமில்லாத பொது இடத்தில் ஒரு பாயிண்ட் யந்திரம் வைக்க வேண்டும். லாரி புறப்படும் முன்பே குடியானவர் தன் கிழங்கின் பாயிண்டைத் தெரிந்து கொண்டால், மில்லில் வாய் திறந்து பேசலாம். கணக்குத் தெரிந்தவனை ஏமாற்றுவது கஷ்டம்.

கிழங்கைத் துருவி மாவெடுக்கும் சிறிய யந்திரங்களை ஊரிலேயே வைக்க அரசாங்கம் உதவலாம். தண்ணீரைச் சுமந்து லாரி ஓடுவதை விட, மாவைச் சுமந்து ஓடுவது லாபம். 24 மணி நேரக் கவலையும் தீரும்.

ஊரார் நாளைப் பங்கு போட்டுக் கொண்டு முறை வைத்துப் பிடுங்கினால், ஒரே லாரியில் அன்றே அனுப்பலாம். இதற்கு அரசாங்கம் வேண்டியதில்லை. ஒற்றுமை போதும்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. சிறிய வேலைதான்.

அடுத்த முறை கடைக்காரர் இரண்டு டப்பாக்களைத் திறந்து காட்டுவார். கண்ணைப் பறிக்கும் வெள்ளையைக் கண்டு மயங்க வேண்டாம். கொஞ்சம் மங்கலாக இருப்பதைக் கையில் எடுங்கள். புளித்த வாடை இல்லையா? ஈரம் பிடித்துக் கட்டி தட்டவில்லையா? அப்படியானால் அதையே வாங்குங்கள்.

அந்த மங்கல், வெளுக்காத கிழங்கின் சொந்த நிறமாக இருக்கலாம். அதை வாங்க நாம் தயாராக இருந்தால், நல்ல கிழங்கை நல்ல விலைக்கு வாங்க மில்லும் தயாராகும்.